ஆளில்லாத அறையிலிருந்து பதினொரு அழைப்புகள்

ஆக்லாந்தில் தொலைபேசி வேலை பார்த்த ஏழு வருடங்களில் ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறேன். அதில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் நான் செய்த தவறு அந்தக் கடிதத்தில் இல்லை.

எங்கள் நிறுவனம் சிறியது. முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். பள்ளிகள், மோட்டல்கள், முதியோர் இல்லங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். சுவரில் தொங்கும் பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் லினக்ஸ் ஓடும் கணினி ஒன்றை வைப்போம். அறைகளுக்குப் போகும் கம்பிகளில் கை வைக்க மாட்டோம். அவை எல்லாம் கணினிக்குள் செருகிய கார்டுகளில் வந்து முடியும். ஒரு கார்டுக்கு இருபத்துநான்கு அறைகள்.

நான் மதுரையில் பொறியியல் படித்தவள். இங்கே வந்து ஒரு டிப்ளமா முடித்து, வேலை விசாவில் அந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். விசாவில் நிறுவனத்தின் பெயரே அச்சாகியிருக்கும். அந்த வேலை போனால் விசாவும் போகும். நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் அது. கணவருக்கு ஒரு கிடங்கில் வேலை. லின்ஃபீல்டில் வாடகை வீடு. மகள் அப்போதுதான் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு நவம்பர் மாதம் புது அமைப்பு வைக்கப் போனேன். அந்தக் கட்டடத்துக்கு இரண்டு பகுதிகள். கிழக்குப் பகுதியில் இருபத்துநான்கு அறைகள், மேற்குப் பகுதியில் இருபத்துநான்கு அறைகள். கிழக்குப் பகுதிக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருந்த கார்டையே போட்டேன். மேற்குக்குப் புதிதாக ஒன்று வாங்கினோம். இரண்டும் வேறு வேறு மாடல்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாடல் கார்டுக்கும் தனி டிரைவர் வேண்டும். லினக்ஸில் அதை மாட்யூல் என்பார்கள். கணினி எழும்போது, லினக்ஸின் மைய நிரலான கர்னலோடு வந்து சேர்ந்துகொள்ளும் சிறிய நிரல் அது. எந்த மாட்யூல் முதலில் ஏறுகிறதோ அதன் கார்டுக்கு ஒன்று முதல் இருபத்துநான்கு வரை எண்கள் கிடைக்கும். அடுத்து வருவதற்கு இருபத்தைந்து முதல் நாற்பத்தெட்டு. எந்த எண் எந்த அறை என்று நாம் தனியாக எழுதி வைத்திருப்போம். கணினிக்கு அறை தெரியாது, எண்தான் தெரியும். எனவே ஏறும் வரிசை மாறினால் கிழக்கு மேற்காகிவிடும், மேற்கு கிழக்காகிவிடும். எல்லாத் தொலைபேசிகளும் வேலை செய்யும். ஆனால் தவறான அறையில்.

அப்படி மாறாமல் இருக்க வழி உண்டு. இரண்டு மாட்யூல்களும் தாமாக ஏறாதபடி ஒரு கோப்பில் எழுதித் தடுத்துவிட்டு, முதலில் இது, பிறகு அது என்று வரிசையைச் சொல்லி நாமே ஏற்ற வேண்டும். இருபது நிமிட வேலை. எனக்கு அது தெரியும். வேறு இடங்களில் செய்தும் இருக்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை நாலரை மணிக்குக் கணினியை ஒரு முறை அணைத்துப் போட்டேன். வரிசை சரியாகவே வந்தது. கிழக்கில் மூன்று அறைகளுக்கும் மேற்கில் மூன்று அறைகளுக்கும் அழைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. ஐந்தரைக்குள் மகளைப் பள்ளியின் மாலைநேரக் காப்பகத்திலிருந்து கூட்டி வர வேண்டும், மோட்டார்வேயில் நெரிசல். 'மாட்யூல் வரிசை எழுத வேண்டும்' என்று நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் வேறு ஊர், வேறு வேலை. நோட்டில் பக்கங்கள் புரண்டுகொண்டே போயின.

பிப்ரவரியில் மேற்குப் பகுதியை மூடிவிட்டார்கள். சுவருக்குள் ஈரம் இறங்கி மரச்சட்டங்கள் அழுகியிருந்தன. அங்கிருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றிவிட்டு, நடைபாதையின் குறுக்கே கனமான பிளாஸ்டிக் தாள் கட்டி வேலை ஆரம்பித்தார்கள். தொலைபேசிகளை எடுக்கவில்லை. கட்டட வேலைக்காரர்கள் அவற்றிலிருந்து யாருக்கெல்லாமோ பேசுகிறார்கள் என்று இல்லத்தின் மேலாளர் சொன்னதால், மேற்கு அறைகளிலிருந்து எந்த எண்ணுக்கும் போகாதபடி அலுவலகத்திலிருந்தே பூட்டு போட்டேன். யார் எதை அழுத்தினாலும் பிஸி டோன்தான் கேட்கும். அதே நாளில் கணினிக்குப் புதுக் கர்னலையும் ஏற்றினேன். அது அடுத்த முறை கணினி அணைந்து எழும்போதுதான் நடைமுறைக்கு வரும். அந்த அடுத்த முறை எப்போது என்று நான் யோசிக்கவில்லை.

அது ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை வந்தது. மாலையில் காற்றும் மழையும். எப்சமில் சில தெருக்களில் மின்சாரம் போய், இல்லத்தின் பேட்டரி தாங்கும் நேரத்தையும் தாண்டிவிட்டது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழுந்தது. வரவேற்பு மேசைக்கும் செவிலியர் அறைக்கும் இருந்தவை நெட்வொர்க் தொலைபேசிகள். அவற்றுக்கு இந்தக் கார்டுகள் தேவையில்லை. அவை ஒழுங்காக வேலை செய்தன. படுக்கைப் பக்கத்து அவசர மணி தனி வயரிங், அதுவும் வேலை செய்தது. எனவே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும் மேலாளர் அழைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய பெண், எப்போதும் நிதானமாகப் பேசுபவர். கிழக்குப் பகுதியில் இரண்டு பேர் தங்கள் தொலைபேசி நான்கு நாளாக அடிக்கவில்லை என்று சொல்வதாகவும், பராமரிப்பு நோட்டில் சனிக்கிழமையே யாரோ எழுதி வைத்திருந்ததைத் தான் இப்போதுதான் பார்த்ததாகவும் சொன்னார். நான் அந்த நிமிடமே காரணத்தைத் தெரிந்துகொண்டேன். போகும் வழியெல்லாம் அது வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கார் ஓட்டினேன்.

அதுதான். புதுக் கர்னலில் புதுக் கார்டின் மாட்யூல் முந்திக்கொண்டிருந்தது. வியாழன் மாலை முதல் கிழக்குப் பகுதிக்கு வந்த ஒவ்வொரு அழைப்பும் பிளாஸ்டிக் தாளுக்கு அப்பால், மூடிக் கிடந்த அறைகளில் அடித்துக்கொண்டிருந்தது. கிழக்கில் இருந்தவர்கள் ரிசீவரை எடுத்தால், மேற்குக்கு நான் போட்ட பூட்டு அவர்களைத் தடுத்தது.

கணினி இருந்த சிறிய அறையில் உட்கார்ந்து அழைப்புப் பதிவுகளைத் திறந்தேன். எத்தனை பேருக்கு எத்தனை அழைப்புகள் தவறின என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களிடம் செல்போன் இருந்தது, விடுமுறை என்பதால் குடும்பத்தார் நேரில் வந்துபோயிருந்தார்கள். அதனால் பட்டியல் சிறியதுதான். ஆனால் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மேற்கு ஏழு என்று பதிவாகியிருந்த அறையிலிருந்து ஒரே செல்போன் எண்ணுக்கு அழைக்க முயற்சிகள். வெள்ளி மூன்று, சனி நான்கு, ஞாயிறு இரண்டு, திங்கள் இரண்டு. எல்லாம் மாலை ஏழு மணியை ஒட்டி. எல்லாம் மறுக்கப்பட்டவை. அதே செல்போனிலிருந்து கிழக்கு ஏழுக்கு வந்த அழைப்புகளும் இருந்தன. வெள்ளி இரண்டு, சனி இரண்டு, ஞாயிறு ஒன்று. யாரும் எடுக்கவில்லை. திங்கள் ஒன்றும் இல்லை.

வரிசையைச் சரிசெய்தேன். நவம்பரில் விட்டுப்போன அந்த வரிகளை எழுதினேன். இரண்டு மாட்யூல்களையும் தானாக ஏறவிடாமல் தடுத்து, பழைய கார்டு முதலில் ஏறி அது தயார் என்று சொன்ன பிறகே அடுத்தது ஏறும்படி வைத்து, அதற்கும் பின்னால் தொலைபேசி நிரல் தொடங்கும்படி செய்தேன். எந்தக் கார்டு எது என்று குழம்பாதபடி, ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி அடையாள எண்ணையும் அதில் எழுதி வைத்தேன். மதியம் வரை பன்னிரண்டு முறை கணினியை அணைத்து எழுப்பினேன். பன்னிரண்டு முறையும் சரியாக வந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் ஓர் அறையில் அடித்துப் பார்த்தேன்.

கிழக்கு ஏழு காலியாக இருந்ததால் அங்கே போய்ச் சோதிக்கலாம் என்றார்கள். அங்கே இருந்த அம்மா முந்தின நாள் மாலை பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார், மருத்துவமனையில் இருக்கிறார் என்று என்னை அழைத்துப்போன பராமரிப்பாளர் சொன்னார். டோங்கா தீவுக்காரர், நகரின் தெற்கே மங்கரேயில் வீடு, அந்த வார இறுதி முழுக்க மாலை வேலை அவருக்கு. கதவில் ஒட்டியிருந்த பெயர் தமிழ்ப் பெயர். மேசையில் சின்ன முருகன் படம், அதற்கு முன்னால் வாழைப்பழம் ஒன்று கறுத்துப்போயிருந்தது. தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒரு வெள்ளைத் தாள். அதில் தடித்த மார்க்கர் பேனாவால் ஒரு செல்போன் எண் பெரிது பெரிதாக எழுதியிருந்தது.

காலையிலிருந்து பதினொரு முறை பார்த்த எண்.

பராமரிப்பாளர் தாமாகவே சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் சில சொற்கள்தான். வெள்ளிக்கிழமை மாலை ரிசீவரைத் தன்னிடம் நீட்டினாராம். தான் காதில் வைத்துக் கேட்டபோது பிஸி டோன். 'பிஸி, உங்கள் மகன் பிஸி' என்று சொல்லி, அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தச் சொல் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தலையாட்டினாராம். பிளாஸ்டிக்குக்குப் பின்னால் தொலைபேசி அடித்ததும் தனக்குக் கேட்டது, வேலைக்காரர்களுக்கு யாரோ அழைக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றார். அப்படி நினைத்தது தப்பா என்று என்னிடம் கேட்டார். தப்பு உங்களுடையது இல்லை என்றேன். அதற்கு மேல் அவரிடம் எதையும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார். மகன் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் மாலை ஷிஃப்ட் பார்ப்பவர் என்றும், தினமும் ஏழு மணிச் சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவை அழைப்பார் என்றும் சொன்னார். சனிக்கிழமை அவர் வரவேற்பு மேசைக்கும் அழைத்திருக்கிறார். அம்மா நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார் என்று மேசையில் இருந்த பெண் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் விடுங்கள் என்று வைத்துவிட்டாராம்.

அன்று மாலையே முதலாளிக்கு அறிக்கை எழுதினேன். நவம்பரில் நான் விட்டதையும் எழுதினேன். அவர் கெட்டவர் அல்லர். ஒரு தொழிலாளியாக ஆரம்பித்து, தானே கம்பி இழுத்து, அந்த நிறுவனத்தை உண்டாக்கியவர். இரண்டு முறை படித்துவிட்டு, இன்ஷூரன்ஸ்காரர்களின் வக்கீல் பார்க்கும் வரை குடும்பத்திடம் யாரும் எதுவும் பேசக் கூடாது என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். இரண்டு வாரம் இருக்கலாம் என்றார். இல்லத்தின் தலைமை அலுவலகமும் அதையே சொல்லியிருந்தது.

புதன்கிழமை வேறொரு விஷயமாக மேலாளரோடு பேசும்போது, அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நினைவு வந்து போகிறது, பேச்சு இல்லை, இன்னும் சில நாள்தான் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வக்கீல் பார்த்து முடிக்க இரண்டு வாரம் ஆகும் என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது. வசிப்பு விண்ணப்பத்தில் முதலாளியின் கடிதம்தான் முக்கியமான தாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. "அந்தம்மா காதுல விழுமா?" என்று மட்டும் கேட்டார். விழலாம் என்கிறார்கள் என்றேன். "அப்ப நாளைக்கே போயிட்டு வா" என்றார்.

வியாழன் மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் வார்டு எண்ணைச் சொல்லிவிட்டார்கள். ஜன்னலோரப் படுக்கை. அந்த அம்மா சுவர்ப் பக்கம் முகம் சாய்த்துக் கிடந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் யாரோ திருநீறு பூசியிருந்தார்கள். பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், வேலைக்குப் போடும் ஆரஞ்சு மேலங்கியோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"இருங்கோ. நீங்கள் கோயிலாலயோ வந்தனீங்கள்?"

யாழ்ப்பாணத் தமிழ். கோயிலிலிருந்து வரவில்லை என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன்.

"உங்கம்மா இருந்த இல்லத்துல ஃபோன் சிஸ்டம் வச்சது நான்தாங்க. போன வியாழக்கிழமை கரண்ட் போனதுலருந்து அவங்க ஃபோன் வேலை செய்யல. நீங்க கூப்பிட்டப்ப அது அவங்க ரூம்ல அடிக்கல. பூட்டிக் கெடந்த வேற ரூம்ல அடிச்சிருக்கு. நான் செஞ்சிருக்க வேண்டிய ஒரு வேலைய செய்யாம விட்டதால அப்படி ஆயிருச்சு."

அவர் என்னையே பார்த்தார். புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார், எனக்கென்று இல்லாமல். அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. முதல் நாள் வியாழன் காலையில் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறார். வருடப்பிறப்புக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பதின்மூன்று படிகள், தூக்கி ஏற்ற இன்னோர் ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமை அவருக்கு ஷிஃப்ட். முடியாது என்று சொல்லியிருக்கிறார். சொன்ன விதம் சரியில்லை என்றார். அப்படியென்றால் இனி வராதே என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"அவ கோவத்தில ஃபோனை எடுக்கேல்லை எண்டு நினைச்சன்," என்றார். "ரிங் போய்க்கொண்டே இருக்கும். அவ அந்த ஃபோனுக்குப் பக்கத்திலதான் இருக்கிறவ. அப்ப எடுக்க விருப்பமில்லை எண்டுதானே அர்த்தம்? எனக்கும் கோவம் வந்திட்டுது. ஒரு எட்டுப் போய்ப் பாத்திருக்கலாம். எயார்போட்டில இருந்து கால் மணித்தியாலம்."

அதோடு நான் திரும்பியிருக்கலாம். பாதியைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் மீதிக்காகத்தான் வந்திருந்தேன்.

"அவங்க உங்களுக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றேன். "தினமும் ஏழு மணிக்கு. லைன் போகல. பிஸின்னு கேட்டிருக்கும்."

"அம்மா எனக்குக் கோல் எடுத்தவவோ?"

"ஆமாங்க."

"எத்தினை தரம்?"

"பதினொரு தடவை."

அவர் உட்கார்ந்தார். நாள் நாளாகச் சொல்லச் சொன்னார். நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னேன். வெள்ளி மூன்று. சனி நான்கு. ஞாயிறு இரண்டு. அங்கே நிறுத்தினேன்.

"திங்கக்கிழமை?"

"ரெண்டு. ஏழு பத்துக்கு ஒண்ணு, ஏழரைக்கு ஒண்ணு."

எட்டரை மணிக்கு மாத்திரை கொடுக்க வந்த பராமரிப்பாளர்தான் அந்த அம்மாவைத் தரையில் பார்த்தார். அது மகனுக்கும் தெரியும்.

"நான் திங்கக்கிழமை கோல் எடுக்கேல்லை," என்றார்.

பிறகு என்னை மறந்துவிட்டார். நாற்காலியைப் படுக்கைக்கு ஒட்டி இழுத்துப்போட்டு, அம்மாவின் காதருகே குனிந்தார். நான் படுக்கையின் கால்மாட்டுக்கு நகர்ந்து நின்றேன்.

"அம்மா, ஃபோன் பழுதாக் கிடந்ததாம். நானும் கோல் எடுத்தனான், நீங்களும் எடுத்தனீங்களாம். கேக்குதே? நான் பிஸி இல்லை அம்மா. உங்களுக்குக் கோவம் எண்டு நினைச்சிட்டன்."

அதையே மூன்று நான்கு முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி. அந்த அம்மாவின் கண்கள் ஒரு தடவை திறந்தன. மகனைப் பார்த்தாரா, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. பார்த்தார் என்று சொல்ல ஆசைதான். போர்வைக்கு மேல் இருந்த விரல்கள் மகனின் கைக்குள் இருந்தன, அவை அசைந்தனவா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கிளம்பும்போது அந்தப் பட்டியலைக் கேட்டார். நோட்டிலிருந்து தாளைக் கிழித்துக் கொடுத்தேன். என் கையெழுத்து, மேலே இல்லத்தின் பெயர், கீழே நாளும் நேரமும். கொடுக்கும்போதே அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. தாளை நாலாக மடித்து மேலங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அந்த அம்மா இறந்தார். மேலாளர் எனக்கு ஒரு வரி செய்தி அனுப்பினார். மங்கரேயில் நடந்த தகனத்துக்குப் போகலாமா என்று பல முறை யோசித்தேன். போகவில்லை. அந்த நேரத்தில் வேறொரு பள்ளியின் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் வைத்த எல்லா இடங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போய் மாட்யூல் வரிசையைத் திறந்து பார்க்க ஆரம்பித்திருந்தேன். இன்னும் இரண்டு இடங்களில் எழுதாமல் விட்டிருந்தேன். இரண்டிலும் அதிர்ஷ்டம்தான் அதுவரை காப்பாற்றியிருந்தது.

ஒரு மாதம் கழித்து குடும்பத்தின் புகார் வந்தது. நியாயமான புகார். கோபமான சொல் ஒன்றுகூட அதில் இல்லை. நான்கு நாட்கள் தொலைபேசி இல்லாததை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று இல்லத்தையும், மின்சாரம் போய் வந்தால் எல்லா அறைகளையும் ஏன் சோதிப்பதில்லை என்று எங்களையும் கேட்டிருந்தார்கள். கூடவே என் கையெழுத்துத் தாளின் நகல். முதலாளி அதை மேசையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். இது உன்னுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாடிக்கையாளரின் பதிவுகளை அனுமதியில்லாமல் வெளியாளிடம் கொடுத்ததற்கும், சொன்ன அறிவுரையை மீறியதற்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாட்யூல் வரிசையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் அதை மின்தடையால் வந்த கோளாறு என்று முடித்துவிட்டார்கள். அது அப்படியில்லை என்று நான் எழுதிய அறிக்கை எங்கோ ஒரு கோப்பில் இருக்க வேண்டும்.

முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை என் மேசைக்கு வந்து, மின்சாரம் போய் வந்த பிறகு செய்ய வேண்டிய சோதனைகளை எழுதித் தா, எல்லா வாடிக்கையாளருக்கும் அதையே வைப்போம் என்றார். புதிதாக வைக்கும் எந்தக் கணினியையும் பத்து முறை அணைத்து எழுப்பாமல் ஒப்படைக்கக் கூடாது என்று முதல் வரியாக எழுதினேன். பத்து அதிகம் என்றார். இருக்கட்டும் என்றேன். விட்டுவிட்டார். வசிப்பு விண்ணப்பத்துக்கு அவர் கொடுத்த கடிதத்தை அவர் திரும்பப் பெறவில்லை. அந்த வருடக் கடைசியில் வசிப்பு விசா வந்தது. மகளுக்கு கேக் வாங்கினோம். அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த மகனை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, இலங்கைச் சாமான்கள் விற்கும் கடையில். அவர் பணம் கட்டும் வரிசையில் நின்றார், நான் கறிவேப்பிலை பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் சந்தித்ததும் இருவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் தலையை லேசாக அசைத்தார். நானும் அசைத்தேன். பக்கத்தில் நின்ற அவருடைய மகள், பதினைந்து வயதிருக்கும், அது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் பையில் அரிசியை எடுத்து வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

"அப்பம்மா எடுத்த ஃபோன் கோலுகளைப் பற்றி வந்து சொன்னவ."

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன எதிர்பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டோடு அங்கேயே நின்றேன், அவர்கள் கார் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை.